வன்னி மேடையில் எதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம்?

கிளிநொச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. தமிழில் ஸ்டாண்டப் கொமடி, அதாவது மேடையில் தனியாளாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் கலையைச் செய்ய அவருக்கு விருப்பம். ஆனால் சாதி, மதம், போர், பணக்காரர், ஏழை என்று எதைத் தொட்டாலும் யாரோ ஒருவர் கோபித்துக்கொள்கிறார். எந்தப் பிரிவினரையும் புண்படுத்தாமல் பேச வேண்டும் என்ற 'அரசியல் சரிநிலை' நகைச்சுவையைக் கொன்றுவிட்டது என்று அமெரிக்கக் கலைஞர்கள் சொல்வது உண்மைதானா, வன்னியில் இருந்துகொண்டு இந்தக் கலையைச் செய்ய முடியுமா என்று அவர் கேட்கிறார். நாடகமும் அரங்கியலும் பாடத்தை நீண்ட காலம் கற்பித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். செய்ய முடியும், தம்பி. ஆனால் அந்த அமெரிக்க முறைப்பாட்டை அப்படியே இங்கு கொண்டுவந்து இறக்கினால், இந்த மண்ணில் உங்கள் வாயைக் கட்டுவது எது என்பது உங்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

அந்த முறைப்பாட்டை முதலில் பார்ப்போம். அமெரிக்கக் கறுப்பின நகைச்சுவைக் கலைஞர் டேவ் சப்பெல் 2021இல் நெட்பிளிக்ஸில் வெளியிட்ட நிகழ்ச்சியில் திருநர்களைப் பற்றிச் சொன்னவை பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. அந்த நிறுவனத்தின் ஊழியர்கள் சிலரே பணியைப் புறக்கணித்து வெளியே வந்து கண்டித்தார்கள். நிகழ்ச்சி அகற்றப்படவில்லை. 2023இல் அதற்கே சிறந்த நகைச்சுவைத் தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது. எதையும் சொல்ல விடுகிறார்கள் இல்லை என்று அங்கே முறையிடுவோரில் பலர், சொல்ல முடியாது என்று தாங்கள் கூறும் அதே விடயங்களை நிரம்பி வழியும் அரங்குகளில் நல்ல ஊதியத்துக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது கண்டனம். கண்டனமும் வலிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கண்டனத்துக்கு யாரும் பிணை எடுக்க வேண்டியதில்லை.

அதே சப்பெலிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் அதற்கும் பல ஆண்டுகள் முந்தியது. 2005இல், தன் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்த, பெருந்தொகை தரவிருந்த தொலைக்காட்சி நிகழ்ச்சியை அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனார். கறுப்பினத்தவரைப் பற்றிய பழைய கேலிச் சித்திரங்களையே கேலி செய்யும் நோக்கத்தோடு முகத்தில் கறுப்பு மை பூசி ஒரு காட்சியை நடித்தபோது, படப்பிடிப்புத் தளத்தில் நின்ற வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று அடுத்த ஆண்டு தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒப்ரா வின்ஃப்ரேயிடம் அவர் சொன்னார். கிறிஸ் ரொக் என்ற இன்னொரு கறுப்பின நகைச்சுவைக் கலைஞரும் 1996இல் தன் சொந்த இனத்தவரையே இரண்டாகப் பிரித்துக் கேலி செய்த, தனக்குப் பெரும் புகழைத் தேடித் தந்த ஒரு பகுதியைப் பின்னாளில் கைவிட்டார். இனவாதிகள் அதைத் தங்களுக்குக் கிடைத்த அனுமதிச்சீட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். இந்த இருவரையும் எந்தத் தணிக்கையாளரும் தடுக்கவில்லை. சிரிப்பு எழுந்ததும் திருப்தியடைந்துவிடாமல், அது யாருடைய சிரிப்பு என்று அவர்களது காதே கேட்டது. அரசியல் சரிநிலை பற்றிய விவாதத்தில் எனக்குப் பயன்படும் பகுதி இவ்வளவுதான். மீதியெல்லாம் அந்த நாட்டு வீட்டுச் சண்டை.

வன்னிக்கு வந்தால் அந்தக் காது இன்னும் கூர்மையாக இருக்க வேண்டும். இங்கே கேலி என்பது பெரும்பாலும் ஏணியின் மேற்படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கி வருகிறது. கொழும்பில் வசதியாக இருப்பவர் யாழ்ப்பாணத்தாரின் சிக்கனத்தைக் கேலி செய்வார். யாழ்ப்பாணத்து மேடையில் வன்னியான் என்றால், தோளில் மண்வெட்டியோடு வந்து எதுவும் விளங்காமல் விழிக்கும் ஒரு பாத்திரம். வன்னியிலோ, தலைமுறை தலைமுறையாக இருப்பவர்களுக்கு, குளங்களின் கீழ் காணி பெற்று வந்து குடியேறியவர்கள் 'வந்தான் வரத்தான்'. குடியேறியவர்கள் தம் பங்குக்கு, 1958, 1977, 1983 வன்செயல்களில் உயிர் தப்பி மலையகத்திலிருந்து வந்து, காணி உறுதி இல்லாமல் பிறர் வயல்களில் கூலிவேலை செய்து வாழ்ந்த குடும்பங்களின் பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் குடும்பங்களைக் குறிக்க இங்கு வழங்கும் இழிசொல்லை நான் எழுதப் போவதில்லை. வாசிக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

பாடசாலைக் கலைவிழாக்களில் இதை நேரில் பார்க்கலாம். ஒரு பாத்திரம் மேடைக்கு வந்து மலையகப் பேச்சில் 'என்னாங்க' என்று வாயைத் திறக்கும், மண்டபம் சிரிக்கும். அதற்குள் ஒரு நகைச்சுவையும் சொல்லப்பட்டிருக்காது. பேச்சு வழக்கே நகைச்சுவை ஆகிவிட்டது. அதே மண்டபத்தில் ஒரு வாங்கில், வீட்டில் அப்படியே பேசும் பிள்ளை ஒன்றும் இருக்கும். அதுவும் சிரிக்கும். சிரிக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். திக்குவாய், கறுப்பு நிறம், பருத்த உடல், பெண் வேடமிட்ட ஆண் என்று தமிழ்ச் சினிமா பல பத்தாண்டுகளாகப் பழக்கிவிட்ட மற்றக் கேலிகளும் இதே வகைதான். இவற்றைக் குறைத்துக்கொள்ளச் சொன்னவுடன், இனி எதைத்தான் சொல்வது என்று ஒருவர் கேட்டால், அவரிடம் முதலிலிருந்தே சொல்ல அதிகம் இருக்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. தன்னைத் தானே கேலி செய்துகொண்டால் யாருக்கும் நோகாது என்று புதியவர்கள் நினைப்பார்கள். அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியாவைச் சேர்ந்த நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி, 2018இல் நெட்பிளிக்ஸில் வெளிவந்த தனது நிகழ்ச்சியில் இந்த எண்ணத்தை உடைத்தார். ஏற்கெனவே ஓரத்தில் தள்ளப்பட்ட ஒருவர் மேடையில் தன்னைத் தாழ்த்திக்கொள்வது பணிவு ஆகாது, அவமானமே என்பது அவரது வாதம். நீங்கள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ மேடையேறி, நாங்கள் காட்டுப்பக்கம், எங்களுக்கு யானையையும் பாம்பையும் தவிர வேறொன்றும் தெரியாது என்று தொடங்கினால், கைதட்டல் நிச்சயம். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு அடுத்த வரியில் அவர்களைத் திருப்பி அடிக்கத் தெரிந்தால் அப்படியே தொடங்குங்கள். தெரியாவிட்டால், அவர்கள் வரும்போதே கொண்டுவந்த சிரிப்பை அவர்களிடமே கொடுத்தனுப்பினீர்கள் என்றாகும்.

அப்படியானால் பேச்சு வழக்கைத் தொடவே கூடாதா என்றால், எங்கள் முன்னோர் தொட்டிருக்கிறார்கள். இலங்கை வானொலியில் புகழ்பெற்று 1976இல் திரைப்படமாகவும் வந்த 'கோமாளிகள்' முழுக்க முழுக்க வழக்குகளின் மோதல்தான். முஸ்லிம்களின் தமிழ் பேசும் மரைக்காராக எஸ். ராமதாஸ், யாழ்ப்பாணத் தமிழோடு அப்புக்குட்டியாக ரி. ராஜகோபால், சிங்களவர் பேசும் தமிழில் உபாலியாகச் செல்வசேகரன், பிராமணத் தமிழ் பேசும் ஐயராக பி. எச். அப்துல் ஹமீத். யார் யாருடைய பேச்சைப் பேசினார்கள் என்று பாருங்கள். கேலி அங்கே ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. நால்வரும் ஒரே மட்டத்தில் நின்று ஒருவரையொருவர் இடித்தார்கள். இன்று அதை ஒரு வரி மாற்றாமல் மேடையேற்றலாம் என்று சொல்லமாட்டேன், சில இடங்கள் உறுத்தும். ஆனாலும் அடிப்படை அமைப்பு கற்றுக்கொள்ளத் தக்கது.

ஸ்டாண்டப் என்பது யூடியூப்போடு வந்த கலை என்று நினைப்பவர்கள் கே. எஸ். பாலச்சந்திரனின் 'அண்ணை றைற்' தனிநடிப்பைத் தேடிக் கேட்க வேண்டும். ஒரே மனிதர், ஒரே மேடை, பாத்திரம் பஸ் கொண்டக்டர். கொண்டக்டருக்கு உள்ளது மிகச் சிறிய அதிகாரம். டிப்போவில் அவர் யாருக்கோ கீழே. பஸ்ஸுக்குள் அவரே ராசா. உத்தியோகத்தரும் கூடை தூக்கிய வியாபாரியும் பள்ளிக்கூடப் பிள்ளையும் ஒரே மிதிபலகையில் நெருக்கியடிக்கும் இடத்தில், யாரைப் பார்த்து எந்தக் குரலில் பேசுவது என்பதிலேயே வர்க்கம் வெளிப்பட்டுவிடும். அதற்கென்று ஒரு விரிவுரை தேவைப்படாது. எங்கள் கூத்துகளின் கட்டியகாரனும் அரசனின் முன்னே நின்று அரசனைக் கேலி செய்ய உரிமை பெற்றவன்தான். தமிழ் மேடைக்குச் சர்ச்சையும் புதிதல்ல, எம். ஆர். ராதாவின் நாடகங்களை மனதில் வைத்தே 1954இல் சென்னை மாநில அரசு நாடகங்களுக்கென்று ஒரு கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது.

இலங்கையில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். நதாஷா எதிரிசூரிய என்ற சிங்கள ஸ்டாண்டப் கலைஞர், கொழும்பில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்த தனது 'மோடாபிமானய' நிகழ்ச்சியில் புத்தராகப் பின்னர் ஆன சித்தார்த்தரின் பிள்ளைப் பருவத்தைத் தொட்டுப் பேசியதற்காக, 2023 மே மாத இறுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார். யூலை 5ஆம் திகதிதான் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது. காணொளியை வெளியிட்ட யூடியூப் அலைவரிசையின் உரிமையாளரும் கைதானார். பயன்படுத்தப்பட்டது, குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கம். உரிமைகளின் பெயரைத் தாங்கிய சட்டம் அது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கும் அதன் 3ஆம் பிரிவின் கீழ்ப் பத்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம்; நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படுவதற்கு முன்பே தண்டனையில் ஒரு பகுதி முடிந்துவிடுகிறது.

அந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இன்னொன்று மொழி. கொழும்பில் ஆங்கிலத்தில் அரசியல் கேலி செய்யும் மேடைகள் நெடுநாளாக உண்டு. அங்கே நுழைவுச்சீட்டு வாங்கி வருபவர்களுக்குள்ளேயே சிரிப்பு அடங்கிவிடும். வெளியே யாருக்கும் அது கேட்பதில்லை. நதாஷா அதைச் சிங்களத்தில் செய்தார். மேல்தட்டின் மொழியில் சொன்னால் ரசனை, எல்லோருக்கும் விளங்கும் மொழியில் சொன்னால் குற்றம் என்ற இந்த வேறுபாட்டை நான் வர்க்கப் பிரச்சினையாகவே பார்க்கிறேன்.

தமிழில் செய்பவருக்கு இதற்கு மேலும் ஒரு சுமை உண்டு. மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த இளம் கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டார். காரணம் அவரது தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தை வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டு. வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகள் அந்த நூலிலேயே இருந்தன. 2021 டிசம்பரில் பிணை. 2023 டிசம்பரில் விடுதலை. தமிழில் எழுதப்பட்ட ஒரு வரி, தமிழ் வாசிக்காத ஒருவரின் மேசையில் மொழிபெயர்ப்பாகப் போய்ச் சேரும்போது, அதிலிருந்த அங்கதம் முதலில் உதிர்ந்துவிடும். கவிதைக்கே அந்தக் கதி என்றால், குரலின் ஏற்ற இறக்கத்திலும் ஒரு கண்ணசைவிலும் நிற்கும் மேடை நகைச்சுவை கோப்புக்குள் போனபின் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். எழுதிய ஒவ்வொரு பகுதியையும் தொனி இல்லாமல், தட்டையாக, எதிரியின் குரலில் ஒருமுறை வாசித்துப் பார்க்கும்படி உங்களுக்குச் சொல்கிறேன். பயந்து வெட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டு நிற்பதற்காகச் சொல்கிறேன்.

போரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வன்னியில் போரைப் பற்றிய நகைச்சுவை இல்லை என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். நிறைய உண்டு, அது மேடையில் இல்லை, செத்தவீட்டுத் தாவாரத்தில் இருக்கிறது. இறுதிப் போரில் இடம்பெயர்ந்து, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு இடமாகக் கூரைத் தகரத்தையும் கதவையும் கழற்றிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். வீடு எங்கோ நிற்க, கதவை மட்டும் கட்டிக்காத்துக் கடைசியில் கதவும் போன கதையை அப்படிப் போனவரே சொல்லும்போது, கேட்பவர்கள் கண்ணீர் வரச் சிரிப்பார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்களை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமில் வரிசைக்கு வரிசை நின்றதைப் பற்றிய கதைகளும் அப்படித்தான். சொன்னவரும் கேட்டவரும் ஒரே பாதையால் வந்தவர்கள் என்பதால், யாரும் யாருக்கும் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் அந்தக் கதவைச் சுமக்கவில்லை. 2009இல் கைக்குழந்தையாகவோ சிறு பிள்ளையாகவோ இருந்திருப்பீர்கள். சுமந்தவரின் குரலை எடுத்துக்கொண்டு நீங்கள் மேடையேறினால் அது பொருந்தாது. பிள்ளைகளை இழந்த தாய்மாரும், காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்மாரும் அதே மண்டபத்தில் இருக்கக்கூடும். ஆனால் உங்களுக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவருகே மாட்டி வைத்திருக்கும் அம்மா வன்னியில் எத்தனை வீடுகளில் இருக்கிறார்? பக்கத்து வீட்டில் பட்டாசு வெடித்தால் அவரது கை முதலில் எங்கே போகிறது? எங்கேனும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றால் அந்தப் பையை அவரிடமிருந்து வாங்க நீங்கள் எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்? இது நீங்கள் வாழ்ந்த பகுதி. அம்மாவைச் சிறுமைப்படுத்தாமலே அதைச் சொல்லலாம். அவரே முன்வரிசையில் இருந்தாலும் சொல்லலாம்.

இயக்கக் காலத்தை, அதாவது விடுதலைப் புலிகளின் காலத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒன்று. அதைக் கேலி செய்தால் ஊர் கோபிக்கும். உயர்த்திப் பேசினால் அரசு கோபிக்கும். இரண்டும் இல்லாமல் நடுவில் பேசினால் இரு தரப்பும் சந்தேகிக்கும். முதல் மேடைக்கு அது வேண்டாம் என்பது என் துணிபு. கோழை என்று யாராவது சொன்னால் சொல்லட்டும்.

என்னைக் கேட்டால், வன்னியில் தொடப்படாமல் கிடக்கும் பெரிய வயல் வர்க்கம். அதைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் யாரும் தொடுவதில்லை. காரணத்தைப் பார்க்க, பாடசாலை ஒன்றில் நடக்கும் துவிச்சக்கரவண்டி வழங்கும் நிகழ்வு ஒன்றே போதும். அழைப்பிதழில் காலை 9 மணி. பிரதம விருந்தினர் வரும்போது 11. சைக்கிள்கள் சீற்றில் சுற்றிய பொலித்தீனோடு வெயிலில் வரிசையாக நிற்கும், பிள்ளைகளும் அப்படியே. பதாகையில் உதவி செய்தவரின் காலஞ்சென்ற தாயாரின் படம், வாங்க வந்த எந்தப் பிள்ளையையும் விடப் பெரியதாக இருக்கும். மெத்தைக் கதிரைகள் முன்வரிசையில், பிளாஸ்ரிக் கதிரைகள் அதற்குப் பின்னால், தாய்மார் மரத்தடியில். ஏழாவது பேச்சாளர் 'நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக' என்று தொடங்குவார். பிறகு கையளிப்பு: கைபிடியின் ஒரு பக்கத்தைப் பிள்ளையும் மறு பக்கத்தை விருந்தினரும் பிடித்துக்கொண்டு, இருவரும் சைக்கிளைப் பார்க்காமல் கமராவைப் பார்ப்பார்கள். படம் சரியாக விழவில்லை என்றால் பிள்ளை சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி வாங்க வேண்டும்.

இதில் உள்ள சிரிப்புக்கு யாரும் எதுவும் கூட்டிச் சேர்க்க வேண்டியதில்லை. ஆனால் உள்ளே இன்னொரு மடிப்பு இருக்கிறது. அந்தக் காசை அனுப்பியவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இரவு வேலையில் நிலம் துடைத்து உழைத்தவராக இருக்கக்கூடும். அங்கே அவரை யாரும் பிரதம விருந்தினர் என்று அழைப்பதில்லை. ஓராண்டு விடுமுறையைச் சேர்த்து வைத்து, இரண்டு வாரத்துக்கு இங்கே வந்து விருந்தினராகிறார். பிள்ளைக்கோ அந்தச் சைக்கிள் உண்மையிலேயே தேவை. ஆகவே பிள்ளையைக் கேலி செய்ய முடியாது; கொடுத்தவரை மட்டும் வைத்து அடிப்பதும் பாதி உண்மைதான். சடங்கைத்தான் பிடிக்க வேண்டும்: ஏழாவது பேச்சாளரை, பதாகையின் அளவை, ஒரு சைக்கிளை இரண்டுமுறை வாங்க வைக்கும் கமராவை.

இதை மேடையில் சொன்னால் யார் விலை கொடுப்பார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விடலாம். அடுத்த ஆண்டு உதவி வராவிட்டால் கேள்வி அதிபருக்கு; பெயர்ப்பட்டியலில் இருந்து விழுவது ஒரு பிள்ளையின் பெயர். அமெரிக்காவில் நகைச்சுவையாளர் தன் வாய்க்குத் தானே விலை கொடுக்கிறார். இங்கே பல வேளைகளில் அந்த விலை வேறொருவர் தலையில் விழுகிறது. அதனால் ஊர், பாடசாலை, நாடு எதுவும் அடையாளம் தெரியாதபடி மூன்று நான்கு நிகழ்வுகளை ஒன்றாக்கி எழுதுங்கள். முன்வரிசைக்காரர்கள் அடுத்த ஊர்க்காரரைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்துச் சிரிக்க வேண்டும்.

முன்வரிசை உங்களுக்குத் தனிச் சிக்கல். மெத்தைக் கதிரையில் இருக்கும் அதிகாரி சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டாம் வரிசை சிரிக்கும். அதைப் பார்த்து மூன்றாவது. இந்தத் தாமதத்துக்குள் உங்கள் அடுத்த வரி செத்துவிடும். ஆகவே தொடக்கத்தில் கலைவிழா மேடைகளைத் தவிர்த்து, சனசமூக நிலையம் ஒன்றில், வட்டமாகப் போட்ட கதிரைகளில், முப்பது பேருக்குச் செய்து பாருங்கள். அவர்களில் நான்கைந்து பேராவது நீங்கள் பேசும் ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவர்களாக இருக்கட்டும். அவர்கள் எந்த இடத்தில் சிரித்தார்கள், எந்த இடத்தில் மரியாதைக்காகச் சிரித்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஓசையே வேறு.

ஒளிப்பதிவில் கவனம் தேவை. நதாஷாவின் நிகழ்ச்சி நடந்தது ஏப்ரலில். கைது மே இறுதியில். இடையில் நடந்தது காணொளி இணையத்தில் பரவியதுதான். மண்டபத்தில் இருந்தவர்கள் முழு நிகழ்ச்சியையும் கேட்டவர்கள். வெட்டிய அரை நிமிடத்தைக் கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்கு முன்னும் பின்னும் தெரியாது. முழுமையாக ஒருமுறை நீங்களே பதிந்து வைத்திருங்கள், துண்டு துண்டாக வெளியிட வேண்டாம். பொது மண்டபம் எடுக்கும்போது நிகழ்ச்சி விபரம் கேட்டால், ஸ்டாண்டப் என்று எழுதி விளக்கிக்கொண்டு நிற்காமல் தனிநடிப்பு என்று எழுதுங்கள். அதுவும் பொய்யல்ல, மண்டபப் பொறுப்பாளருக்கும் விளங்கும்.